விழ வைத்த மாஸ்டர்

அவரை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது என் ஆபீஸ் சுவர்தான். திண்டிவனத்தில் தொண்ணூற்று மூன்றில் நான் கேபிள் டிவி ஆரம்பித்த புதிது. வெள்ளையடித்த ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. வாசற்படி ஓரச் சுவரில் வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தோள் துண்டால் வாயைத் துடைத்தார். அதே துண்டால் நான் காட்டிய நாற்காலியையும் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் சினிமாக்காரன் தம்பி" என்றார். சினிமாக்காரன் என்றால் அடுத்தவன் சுவரில் துப்பலாமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வயதில் பெரியவர்.

ஊரில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். டீக்கடையிலும் மாஸ்டர் உண்டு, தையல் கடையிலும் உண்டு. இவர் குதிரை மாஸ்டர். மதராஸில் கௌபாய் படங்கள் எடுத்த காலத்தில் குதிரைப் பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை எழுதி அவருக்கு மரியாதை செய்ய எனக்கு மனமில்லை.

அந்தப் படங்களை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கதாநாயகன் அகலத் தொப்பியும் பூட்ஸும் போட்டிருப்பான். குதிரைமேல் உட்கார்ந்து, கிடார் வாசித்தபடி காதல் பாட்டுப் பாடுவான். பாட்டு முடிந்த கையோடு துப்பாக்கியை எடுத்து எதிரே வருகிறவனைச் சுடுவான். அது எந்த ஊர், எந்த நாடு என்று யாரும் கேட்க மாட்டோம். சின்ன வயதில் எனக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவற்றைத் தேடிப்பிடித்து எங்கள் உள்ளூர் சேனலில் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாஸ்டர் வந்திருந்தார்.

"என் படம் ஒண்ணு கீது. அத்தப் போடு" என்றார்.

போட்டேன். ஆபீஸில் நாலைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். பாதிப் படத்தில் எழுந்து ஓடி, டிவி கண்ணாடிமேல் விரலை வைத்து, "நிறுத்து, நிறுத்து! இதோ, இந்தப் பாறைக்குப் பின்னால நான்தான் படுத்துக்கினு கீறேன்" என்றார். எங்களுக்குப் பாறை மட்டும்தான் தெரிந்தது. அவர் விரலை எடுத்தபிறகு கண்ணாடியில் சுண்ணாம்பும் சிவப்புமாக ஒரு திட்டு இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வாரம் தவறாமல் வந்தார். ஒவ்வொரு படத்திலும் திரைக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று சொல்வார். ஒப்புக்கொள்கிறேன், கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஒரு கதாநாயகனுக்குக் குதிரை என்றாலே வயிற்றைக் கலக்குமாம். முகத்தைக் கிட்டத்தில் காட்டும் காட்சிகளில் எண்ணெய்ப் பீப்பாய்மேல் சேணத்தைக் கட்டி அவரை உட்கார வைத்து, நான்கு பேர் கீழேயிருந்து ஆட்டுவார்களாம். வெயிலில் அறுந்து அறுந்து போகிறதென்று கிடாரில் தந்தியே கட்ட மாட்டார்களாம். பாட்டுப் பாடியவர் குளுகுளு அறையில் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கும் குதிரைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. உண்மையாகக் குதிரை ஓட்டியது டூப் போட்ட ஒரு பையன். அவனுக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. "இப்ப எங்கியோ பிச்சை எடுத்துக்கினு இருப்பான்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். எல்லாக் கதையும் கடைசியில் அந்தச் சிரிப்பில்தான் போய் முடியும். பல் முழுக்கச் சிவப்பு.

ஒரு பாட்டில் வெள்ளைக் குதிரை ஒன்று தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே வரும். சிறுவயதில் அந்தக் குதிரைக்காகவே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதற்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன்.

"சொல்லிக்குடுக்கிறதா? குதிரைக்கா?" என்றார். "மூக்குப் பட்டை இருக்குதில்ல, அதுக்கு உள்பக்கம் ஒரு ஆணி. அதுல தூண்டில் நரம்பு கட்டி, நான் இந்தாண்ட குந்திக்கினு இழுப்பேன். தாளத்துக்கு ஒரு இழுப்பு. வலிக்கும்ல, ஆட்டும். ரத்தம் வந்தா பவுடர் அடிச்சிடுவோம். ஸ்கிரீன்ல தெரியாது."

ஸ்கிரீன்ல தெரியாது. இதுதான் அவருடைய வேதம். எது திரையில் தெரியவில்லையோ அது நடக்கவே இல்லை, அவ்வளவுதான். அந்தப் பாட்டை நான் அதற்குப் பிறகு சேனலில் போடவில்லை.

குதிரை விழுகிற காட்சிக்கு ஒரு வேலைமுறை இருந்தது. அதில்தான் அவர் பேர்பெற்றவர். மெல்லிய இரும்புக் கம்பியைக் குதிரையின் முன்னங்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே கட்டி, வயிற்றுப் பட்டையில் இருக்கும் வளையத்துக்குள் விட்டு, மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் கட்டிவிடுவது. நீளமான கம்பி. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும். கம்பி தீர்ந்த இடத்தில் முன்னங்கால்கள் இரண்டையும் உள்ளே இழுத்துவிடும். குதிரை தலைகுப்புற விழும். மேலே இருக்கிறவனுக்கு அந்த இடம் தெரியும், ஒரு கொடியோ கல்லோ அடையாளம் வைத்திருப்பார்கள், அவன் குதித்துவிடுவான்.

"குதிரைக்கு?" என்று கேட்டான் என்னிடம் வேலை பார்த்த லைன்மேன்.

"குதிரைக்குச் சொல்ல மாட்டோம். சொன்னா ஓடுமா?" என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சிலது எந்திரிச்சி நிக்கும். எந்திரிக்காதத லாரில ஏத்தி அனுப்பிடுவோம். ஸ்கிரீன்ல..."

கையிலிருந்த டீயை நான் அப்படியே வைத்துவிட்டேன். அந்த மனுஷன் என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சினிமா ஓய்ந்தபிறகு அவர் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் ஓர் இட்லிக் கடை வைத்திருந்தார். பஸ் நிற்கும் இடம். வருகிறவர்கள் மறுபடி வரப்போவதில்லை. அவருக்கு ஏற்ற வியாபாரம். ஒருநாள் பைக்கை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனேன். அவர் சம்சாரம் மாவு கரைத்துக்கொண்டிருந்தார். வலது கையில் புண், பழந்துணி சுற்றியிருந்தது. துணி ஊறிப்போய் மஞ்சளாக இருந்தது. அந்தக் கையோடுதான் குண்டானுக்குள் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார், பாவம். டாக்டரிடம் காட்டக்கூடாதா என்று மாஸ்டரிடம் கேட்டேன். தட்டில் இருந்த இட்லியைப் பிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுல தெரியுதா உனக்கு?" என்றார்.

இப்படிப்பட்ட ஆள் மேரி அக்காவின் வீட்டுப் படி ஏறியதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது.

மேரி அக்கா மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தார். அவர் கணவர் குதிரை வண்டி ஓட்டியவர். ஆட்டோ வந்தபிறகு வண்டியை விற்றுவிட்டு, குதிரையைக் கல்யாண ஊர்வலத்துக்கு விட்டார். அவர் இறந்தபோது குதிரையையும் விற்றுவிடு என்றுதான் சொந்தபந்தமெல்லாம் சொன்னது. அக்கா கேட்கவில்லை. மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு தானே லகானைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். திண்டிவனம், விழுப்புரம், மைலம் வட்டாரத்தில் பெண் ஒருத்தி மாப்பிள்ளைக் குதிரையை நடத்திப் போவதை அப்போதுதான் ஜனங்கள் பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகளை அந்தக் குதிரைதான் படிக்க வைத்துக்கொண்டிருந்தது. அது ஒரு வெள்ளைப் பெட்டை. பெயர் செல்வி.

அதற்கு ஆணி எதுவும் தேவைப்படவில்லை. பெண்வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வந்தால் தானாகத் தலையைத் தாழ்த்தும். அவர்கள் நெற்றியில் குங்குமம் வைக்கும்வரை அப்படியே நிற்கும். வெடி வெடித்தாலும் மிரளாது. ஓடவே ஓடாது. ஊர்வலக் குதிரை நடக்க வேண்டுமே தவிர ஓடக்கூடாதல்லவா. அது ஓடுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். சாயங்காலம் ஏரியில் மேயும்போது அக்கா கரையில் நின்று, "செல்வீ, வாடி!" என்று குரல் கொடுத்தால் எந்த மூலையிலிருந்தாலும் பிடரி பறக்க ஓடி வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பழைய கௌபாய் படங்களைக் கிண்டல் செய்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு குதிரைப் பாட்டு. திருவக்கரைப் பக்கம் கல்குவாரியில் படப்பிடிப்பு. யாரோ சொல்லி மாஸ்டரைத் தேடிப்பிடித்துவிட்டார்கள். அவர் நேராக மேரி அக்காவிடம் போய்க் குதிரை கேட்டார். அக்கா என்னிடம் ஓடி வந்தார்.

"சினிமாக்காரங்கள உனக்குத்தான் தம்பி தெரியும். அனுப்பலாமா? பெரியவளுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது. ஆனா செல்விக்கு எதுனா ஆச்சுன்னா நான் இல்ல தம்பி."

நான் ஆணியையும் சொன்னேன், கம்பியையும் சொன்னேன். எதையும் பாக்கி வைக்கவில்லை. அக்கா முகம் வெளுத்துவிட்டது. அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணா, பாட்டுன்னா வரேன். விழ வெக்கிறது, ஆணி அடிக்கிறதெல்லாம் ஆவாது. நான் பக்கத்துலயே நிப்பேன். சம்மதமா?"

"இன்னாம்மா நீ, நான் அப்டிப்பட்டவனா? மாதா மேல சத்தியம்" என்றார். அவர் மாதா கோயில் பக்கம் தலைவைத்துப் படுத்தவர் இல்லை. யார் கும்பிடும் சாமியாக இருந்தாலும் அந்த வாய்க்கு ஒன்றுதான்.

முதல் நாள் நானும் போனேன். செல்விக்கு ஜரிகைப் பட்டை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து அக்கா கூட்டி வந்திருந்தார். யாரோ போட்டோ எடுத்தார்கள். காட்சி தொடங்கும்போது உதவி இயக்குநர் ஒருவர் கிளாப் பலகையை அதன் முகத்துக்கு முன்னால் நீட்டினார். செல்வி அதை ஆரத்தித் தட்டு என்று நினைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்தியது. பலகையை எடுத்தபிறகும் நிமிரவில்லை. குங்குமம் வைக்கட்டும் என்று நிற்கிறது. கேமராக்காரர், டான்ஸ் மாஸ்டர், கௌபாய் வேஷம் போட்டவர் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைசியில் மேக்கப் போடுகிற பெண் ஒருத்தி வந்து ஒவ்வொரு தடவையும் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் நிமிரும். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாஸ்டர் மட்டும் ஓரமாக நின்று பாக்கை மென்றுகொண்டிருந்தார். அவருக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிருந்தது.

அடுத்த நாள் திண்டிவனத்தில் ரோடு போடுகிறவர்கள் எங்கள் லைனை அறுத்துவிட்டார்கள், நான் போகவில்லை. மதியம் அக்காவோடு போயிருந்த வேன் டிரைவர் போன் செய்தான். அழுதான்.

என்ன நடந்தது என்பதை அவன்தான் பிறகு முழுதாகச் சொன்னான். பாட்டுக்கு முடிவில் குதிரை ஓடிவந்து விழுந்தால் நன்றாக இருக்கும் என்று இயக்குநர் நினைத்திருக்கிறார். மாஸ்டர், என் பொறுப்பு என்றிருக்கிறார். அக்காவிடம் வந்து, "ஓட்டம் மட்டுந்தாம்மா. இவங்க வெரட்டுனா ஓட மாட்டேங்குது. நீ அந்தாண்ட மேட்டுல நின்னு ஒரு குரல் குடு, வந்துடும்" என்று சொல்லி, குவாரியின் மறுமுனைக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே நின்றால் குதிரையின் கால் தெரியாது. அக்கா போனதும் கம்பியைக் கட்டியிருக்கிறார். வேன் டிரைவர் அந்த நேரம் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தான், அவனுக்குத் தெரியாது.

அக்கா வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறார். செல்வி ஓடியிருக்கிறது. அக்காவுக்குக் கொஞ்சம் முன்னால் கம்பி தீர்ந்திருக்கிறது.

ஆபத்தான காட்சி சரியாக வந்தால் யூனிட்டில் எல்லாரும் கைதட்டுவது வழக்கமாம். கைதட்டினார்களாம்.

நான் போனபோது அக்கா செம்மண்ணில் உட்கார்ந்து செல்வியின் தலையை மடியில் வைத்திருந்தார். முன்னங்கால் ஒன்றில் எலும்பு வெளியே தெரிந்தது. குளம்புக்கு மேலே இரண்டு கால்களிலும் கம்பி அறுத்த கோடு. கம்பி அங்கே இல்லை; அதற்குள் எடுத்து ஒளித்துவிட்டார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உயிர் போக ஊசி போட்டு முடியும்வரை அக்கா அந்தத் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மாஸ்டர் யூனிட் பிரியாணித் தட்டோடு வந்து நின்றார். கை நிறைய எண்ணெய். "கல்லு தடுக்கிச்சி தம்பி. நேரம் செரியில்ல" என்றார். எலும்பைச் சப்பினார். அப்படியொரு அருவருப்பு எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. தட்டைத் தட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து கறித் துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனார்.

போலீஸ் ஸ்டேஷன் போனோம். கம்பி எங்கே என்று கேட்டார்கள். யூனிட் அன்றே கிளம்பிவிட்டது. பெரியவள் நர்சிங் போகவில்லை. அக்கா ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். எப்போது பார்த்தாலும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்.

"நான் கூப்புடாம இருந்தா அது ஓடி வந்திருக்குமா தம்பி?"

"அவன் எப்படியாவது ஓட வைத்திருப்பான் அக்கா" என்று ஆறுதலுக்குச் சொல்லி வைத்தேன். அதையும் கெடுத்தார் அந்த மனுஷன். ஒருநாள் டீக்கடையில் கூட்டம் சேர்த்து வைத்துக்கொண்டு பேசுவதை நானே என் காதால் கேட்டேன்.

"அந்தம்மா அந்தாண்ட போன நேரம் பாத்து பட்டாசு வெச்சேன், ஓடல. சாட்டைல போட்டேன், ஓடல. கல்யாணக் குதிரைப்பா, இன்னா பண்ணாலும் அன்ன நடைதான். அப்பறந்தான் மூளைல பட்டுச்சி. அந்தம்மாவயே நிக்க வெச்சிக் கூப்பிடச் சொன்னேன். இதெல்லாம் எந்த ஸ்டண்ட் மாஸ்டருக்காவது தோணுமா?" என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக்காட்டினார். அவருக்கு அது குற்றமே அல்ல. வாழ்நாளில் செய்த வேலைகளில் சிறந்த வேலை. சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். கடைக்காரர் இடையில் வந்து விலக்கினார்.

படம் வந்தது. விழுப்புரத்தில் போய்ப் பார்த்தேன். அந்த இடம் கண் சிமிட்டும் நேரம்தான் வருகிறது. குதிரை விழும்போது கேலியாக ஒரு சத்தம் சேர்த்திருந்தார்கள். தியேட்டரே சிரித்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து அவர் செத்தார். நல்ல சாவுதான், தூக்கத்தில். நான் போகிறதாக இல்லை. ஆனால் அந்தத் தெருவில் பூப்பல்லக்கு போக முடியாமல் எங்கள் கேபிள் தாழ்வாகத் தொங்குகிறது என்று ஆள் வந்தது. மூங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

தெருமுனையில் ஆளுயரத்துக்குமேல் ஒரு பேனர். கண்ணீர் அஞ்சலி. தொப்பி போட்ட மாஸ்டர் சிரிக்கிறார். அவர் பக்கத்தில் ஜரிகைப் பட்டை கட்டி, நெற்றியில் குங்குமத்தோடு செல்வி. அந்த முதல் நாள் காலையில் எடுத்த போட்டோ. லகானைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளை வெட்டிவிட்டு மாஸ்டரை ஒட்டியிருந்தார்கள். சரியாகக்கூட வெட்டவில்லை. ஓரத்தில் ஜெபமாலை சுற்றிய ஒரு கை மட்டும் லகானோடு மிச்சமிருந்தது.

பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேரி அக்கா ஹாஸ்டலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். புடவையில் மஞ்சள் கறை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டீக்கடை ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, இடுப்பிலிருந்து காய் நறுக்கும் கத்தியை எடுத்து, செல்வியின் காதோரத்திலிருந்து பேனரை அறுக்கத் தொடங்கினார்.

மாஸ்டரின் மூத்த மகன் ஓடி வந்தான். "ஏம்மா, சாவு ஊட்ல வந்து இன்னா பண்ற நீ?"

அக்கா திரும்பவில்லை. "எத்தினியோ ஊட்டுக் கல்யாண ஆல்பத்துல இது கீதுப்பா. எங்கூட்ல ஒரு போட்டோ இல்ல" என்றார்.

அவன் ஓரமாக நகர்ந்து நின்றான். பறை நின்றுவிட்டது. பேனர் காற்றில் ஆடியது. நான் மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டத்தை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அக்கா அவசரப்படவில்லை. காது, பிடரி, முதுகு, நாலு கால், குளம்பு என்று ஓரம் பிசகாமல் அறுத்து எடுத்தார். அந்தக் கையையும் சேர்த்தே எடுத்தார். இறங்கி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

பல்லக்கு கிளம்பியது. கேபிளைத் தூக்கிப் பிடிப்பதற்காக நான் மறுபடி மூங்கிலை எடுத்தேன். நான் தூக்கிய கேபிளுக்குக் கீழே மாஸ்டர் போனார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் அக்கா தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். நல்ல வெயில். கொஞ்ச தூரம் போனதும் நின்றார். முந்தானையை இழுத்து அந்தச் சுருளை முழுதும் மூடிக்கொண்டு மறுபடி நடந்தார்.